கேட்ஸ்கில் ஓடைகளில் ஈத்தூண்டில்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நியூயார்க் நகருக்கு வடமேற்கே உள்ளது கேட்ஸ்கில் மலைப்பகுதி. இம்மலைகள் உயரமானவை அல்ல. மிக உயர்ந்த சிகரமே 1,300 மீட்டரை எட்டுவதில்லை. நம் உதகமண்டலம் அதைவிட மிக உயரத்தில் உள்ளது. ஆனால் கேட்ஸ்கில் வடக்கே 42ஆம் அட்சக்கோட்டை ஒட்டி இருப்பதால் குளிர்காலத்தில் அதன் ஓடைகள் உறைந்துபோகின்றன. பீவர்கில், வில்லோவீமாக், நெவர்சிங்க், இசோபஸ் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. 'கில்' என்பது இப்பகுதியில் முதலில் குடியேறிய டச்சுக்காரர்களின் சொல். ஓடை என்று பொருள். அமெரிக்காவில் ஈத்தூண்டில் மீன்பிடிப்பு தனக்கென ஒரு வடிவம் பெற்றது இந்த ஓடைகளில்தான். அந்தக் கலை நூல்கள் வழியாகவும் அஞ்சல் உறைகள் வழியாகவும் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதை ஏப்ரல் மாதத்துக் குளிர்நீருக்குப் பொருந்தச் செய்வதில் தியடோர் கார்டன் என்பவர் தம் வாழ்வின் கடைசிக் கால் நூற்றாண்டைச் செலவிட்டார்.

ஈத்தூண்டில் என்பது

சாதாரணத் தூண்டிலில் இரையின் எடையோ ஈயக்குண்டின் எடையோ நூலை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். ஈத்தூண்டிலில் இது தலைகீழ். இங்கே கனமாக இருப்பது நூல். முனையில் இருக்கும் 'ஈ'க்கு எடையே இல்லை எனலாம். கோலை முன்னும் பின்னும் வீசி நூலைக் காற்றில் நீட்டி, அதன் வேகத்தால் ஈயை நீரின்மேல் இறக்க வேண்டும். இந்த ஈ உயிருள்ளது அன்று. சிறு தூண்டில் முள்ளின்மீது இறகு, விலங்கு மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிக் கட்டிய ஒரு போலிப் பூச்சி. நீரின்மேல் மிதக்கும்படி கட்டப்பட்டால் 'உலர் ஈ', நீருக்குள் அமிழும்படி கட்டப்பட்டால் 'நனை ஈ' என்று வழங்குவர்.

டிரவுட் மீன் குளிர்ந்த, தெளிந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரில் வாழ்வது. அதன் உணவில் பெரும்பங்கு நீர்ப்பூச்சிகள். அவற்றுள் முக்கியமானது மேஃப்ளை. இதன் இளவுயிரி ஓராண்டு அளவுக்கு ஓடையின் அடிக்கற்களில் வாழ்ந்து, பின் சிறகு முளைத்து வெளிவந்து, ஓரிரு நாளில் இணைசேர்ந்து முட்டையிட்டு மடிகிறது. சிறகு முளைத்த பின் அது உண்பதே இல்லை. உண்பதற்கு வாயும் செயல்படுவதில்லை. எந்த இனம் எந்த வாரத்தில், எந்த நேரத்தில் வெளிவரும் என்பதை அறிந்தவரே அந்த நாளுக்கு உரிய ஈயைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஏப்ரல் நீரின் இயல்பு

நியூயார்க் மாநிலத்தில் டிரவுட் பிடிப்புப் பருவம் மரபாக ஏப்ரல் தொடக்கத்தில் திறக்கும். பழுப்பு டிரவுட்டும் ஓடை டிரவுட்டும் இலையுதிர் காலத்தில் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுபவை. குளிர்காலம் முழுவதும் முட்டைகள் அங்கேயே கிடந்து பொரிகின்றன. எனவே முட்டையிடும் காலத்திலும் அதன்பின் மீன் மெலிந்திருக்கும் காலத்திலும் பிடிப்பைத் தடைசெய்வது பழைய வழக்கம். 2022 முதல் பெரும்பாலான ஓடைகளில் ஆண்டு முழுவதும் தூண்டில் போடலாம் என்று விதி மாறியுள்ளது. ஆயினும் பிடித்த மீனை எடுத்துச் செல்லும் உரிமை ஏப்ரல் 1 அன்றுதான் தொடங்குகிறது. பீவர்கில்லும் வில்லோவீமாக்கும் கூடும் ராஸ்கோ ஊரில் அன்று தூண்டில்காரர்கள் திரள்வது இன்றும் ஒரு சடங்குபோல நடக்கிறது.

திரண்டவர்களுக்கு மீன் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. ஏப்ரல் முதல் வாரத்தில் ஓடையில் ஓடுவது பனி உருகிய நீர். 3 அல்லது 4 டிகிரி செல்சியஸ் அளவே இருக்கும். கோலில் நூல் செல்லும் வளையங்களில் பனிக்கட்டி படியும். அதை விரலால் உடைத்துவிட்டு அடுத்த வீச்சுக்குப் போக வேண்டும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. குளிர்நீரில் அதன் செரிமானம் மந்தமாகிறது, பசி குறைகிறது. வேகமான நீரை எதிர்த்து நிற்கச் செலவாகும் ஆற்றலை ஈடுசெய்ய இரை போதாது என்பதால் ஆழமான, நீரோட்டம் குறைந்த இடத்தில் அடியோடு ஒட்டிக் கிடக்கிறது. மூக்கருகே வந்த இரையை எடுக்கும். அதற்காக ஒரு முழம் நகராது. இந்த நாட்களில் உலர் ஈயை மிதக்கவிடுவதால் பெரும்பாலும் பயனில்லை. நனை ஈயை மெல்ல அடிமட்டத்தில் செலுத்துபவருக்கே வாய்ப்பு.

பின் ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. நீரின் வெப்பம் சில நாட்கள் தொடர்ந்து 10 டிகிரியை ஒட்டி ஏறும்போது, எபியோரஸ் புளூராலிஸ் என்ற மேஃப்ளை வெளிவரத் தொடங்குகிறது. தட்டையான உடல் கொண்ட இதன் இளவுயிரி வேகமான நீரில் கல்லோடு ஒட்டி வாழ்வது. மற்ற பல மேஃப்ளைகள் நீரின் மேற்பரப்புக்கு வந்து தோலை உரிக்கும். இது அடியிலேயே தோலை உரித்துவிட்டு, சிறகோடு நீரூடாக மேலே எழுகிறது. நாளின் வெப்பம் மிகும் நண்பகலுக்குப் பின், ஒரு மணி முதல் மூன்று மணி வரையே இந்த எழுச்சி நடக்கும். குளிர்காற்றில் சிறகு உலர நேரமாவதால் பூச்சி உடனே பறக்க முடியாமல் நீரின்மேல் படகுபோல் மிதந்து செல்கிறது. மாதக்கணக்கில் அடியில் கிடந்த டிரவுட் அந்த ஆண்டில் முதன்முறையாக மேலெழுந்து உண்பது அப்போதுதான். இரண்டு மணி நேரம். பிறகு ஓடை மீண்டும் வெறுமையாகிவிடும். கேட்ஸ்கில்லின் ஈக்கட்டுக் கலை முழுவதும் ஒரு வகையில் இந்த இரண்டு மணி நேரத்தைச் சுற்றி வளர்ந்தது என்று சொல்லலாம்.

பழைய மீன், புதிய மீன்

இம்மலைகளின் சொந்த மீன் ஓடை டிரவுட். நிழலும் குளிரும் வேண்டுவது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் தாளாது. ஓடைகளுக்கு அந்த நிழலைத் தந்தவை கரையோர ஹெம்லாக் மரங்கள். அந்த மரப்பட்டையில் தோல் பதனிடப் பயன்படும் டானின் மிகுதி. 1820கள் முதல் தோல் ஆலைகள் இந்தப் பள்ளத்தாக்குகளில் பெருகின. தோலைவிடப் பட்டையே பெரும் சுமை என்பதால், தென் அமெரிக்காவிலிருந்துகூடத் தோலை மலைக்குக் கொண்டுவந்து பதனிட்டனர். மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்துக்கொண்டு அடிமரத்தைப் பெரும்பாலும் காட்டிலேயே அழுகவிட்டனர். சுமார் அரை நூற்றாண்டில் ஹெம்லாக் காடுகள் தீர்ந்தன. ஆலைக் கழிவு ஓடையில் கலந்தது. நிழல் போனதால் கோடையில் நீர் சூடேறியது. நகரத்திலிருந்து ரயிலில் வந்து கூடை கூடையாய்ப் பிடித்துச் சென்றவர்களும் தம் பங்குக்குக் குறைத்தனர். ஓடை டிரவுட் தலையூற்றுகளை நோக்கிப் பின்வாங்கியது.

காலியான இடத்துக்கு வந்தது ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட். 1880இல் பெர்லினில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் அமெரிக்க மீன் வளர்ப்பாளர் பிரெட் மேதர், ஜெர்மானிய மீன்வளச் சங்கத் தலைவர் ஃபான் பேர் பிரபுவைச் சந்தித்தார். அதன் விளைவாக 1883இல் பழுப்பு டிரவுட் முட்டைகள் கடல்கடந்து நியூயார்க்கை வந்தடைந்தன. லாங் தீவில் உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் பொரிப்பகத்தில் ஒரு பகுதி பொரிக்கப்பட்டது. மற்றவை கலிடோனியாவுக்கும் மிச்சிகன் மாநிலத்துக்கும் அனுப்பப்பட்டன.

முட்டைப் பயணத்தின் நுட்பம் எளிது: குளிர்ச்சி கருவின் வளர்ச்சியை மந்தமாக்கும் என்பதால், ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து பனிக்கட்டியின் அருகில் வைத்தால் அவை பொரியாமல் வாரக்கணக்கில் தாங்கும். 1864இல் இதே முறையில் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை முட்டைகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன. அதற்கு ஓராண்டு முன், 1863இல், நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே செய்த முயற்சி தோற்றது. நீலகிரியில் வானவில் டிரவுட் நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச். சி. வில்சனின் முயற்சியால், அவலாஞ்சியில் உள்ள பொரிப்பகம் அந்த வரலாற்றின் மிச்சம்.

பழுப்பு டிரவுட்டை அமெரிக்கத் தூண்டில்காரர்கள் முதலில் வரவேற்கவில்லை. தன் இனத்தையே தின்னும் மீன், சுவையற்ற மீன், 'ஜெர்மன் மீன்' என்று ஏசினர். உண்மையான குறை வேறு: அது எளிதில் ஏமாறவில்லை. சிவப்பும் மஞ்சளுமாகப் பகட்டாகக் கட்டிய நனை ஈக்களை ஓடை டிரவுட் ஆவலோடு கவ்வும். பழுப்பு டிரவுட்டோ தான் அன்றாடம் காணும் பூச்சியைப் போன்றதையே நாடியது. மீன் மாறியதால் ஈயும் மாற வேண்டியதாயிற்று.

இங்கிலாந்திலிருந்து வந்த உறை

இந்த மீனை ஏமாற்றும் வித்தையை அப்போது முறைப்படி எழுதி வைத்திருந்தவர் இங்கிலாந்தின் பிரெடரிக் ஹால்ஃபோர்டு. ஜார்ஜ் செல்வின் மாரியட் என்பவரின் துணையோடு தெற்கு இங்கிலாந்தின் சுண்ணப்பாறை ஆறுகளில் மேஃப்ளைகளை ஆராய்ந்து, 1886இல் உலர் ஈக்களைக் கட்டும் முறை பற்றியும் 1889இல் உலர் ஈ மீன்பிடிப்பு பற்றியும் நூல்கள் வெளியிட்டார். மேலே எழும் மீனைக் கண்ணால் கண்டு, அது உண்ணும் பூச்சியை அடையாளம் தெரிந்து, அதே வடிவான ஈயை நீரோட்டத்துக்கு எதிராக வீச வேண்டும் என்பது அவர் நெறி. பின்னாளில் அவர் சீடர்கள் இதை ஒரு மதம்போல் ஆக்கிவிட்டனர்.

தியடோர் கார்டன் 1854இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். உடல்நலம் குன்றியவர், மணம் செய்துகொள்ளாதவர். வசதியான குடும்பம் நொடித்தபின், ஈ கட்டி விற்றும் இதழ்களுக்கு எழுதியும் நெவர்சிங்க் கரையில் வாழ்ந்தார். ஹால்ஃபோர்டின் எழுத்தைப் படித்து அவருக்கு மடல் எழுதினார். 1890 பிப்ரவரி 22 நாளிட்ட பதிலோடு ஹால்ஃபோர்டு உலர் ஈக்களின் மாதிரிகளை அனுப்பிவைத்தார். நனை ஈக்கு மசியாத மீன் அமெரிக்காவின் சில பகுதிகளில் உலர் ஈக்கு மசியக்கூடும் என்பது அவர் கணிப்பு.

இந்த உறை வந்த நாளையே அமெரிக்க உலர் ஈயின் பிறந்தநாள் என்று சிலர் கொண்டாடுவதுண்டு. அது மிகை. தேடியஸ் நாரிஸ் 1864இல் வெளியிட்ட நூலிலேயே, வில்லோவீமாக்கில் ஈயை மிதக்கவிட்டு மீன் பிடித்த செய்தி வருகிறது. கார்டனின் பெருமை வேறிடத்தில் உள்ளது. வந்த மாதிரிகள் தம் ஓடைக்குப் பொருந்தவில்லை என்பதை அவர் கண்டுகொண்டு, ஏன் பொருந்தவில்லை என்று கேட்டார்.

விடை நீரிலேயே இருந்தது. டெஸ்ட், இட்சென் போன்ற சுண்ணப்பாறை ஆறுகள் நிலத்தடி ஊற்றால் வளர்பவை. அவற்றின் நீர் ஆண்டு முழுவதும் அதிகம் ஏறாமல் இறங்காமல், பாசிச் செடிகளுக்கிடையே அமைதியாக ஓடும். கேட்ஸ்கில் ஓடைகளோ மழையையும் பனியையும் நம்பியவை. உருண்டைக் கற்களில் மோதி நுரைத்து ஓடுபவை. ஜனவரியில் உறைந்து ஜூலையில் சூடேறுபவை. ஹால்ஃபோர்டின் மென்மையான ஈ அந்த நீரில் சில அடி தூரத்தில் நனைந்து மூழ்கியது. தவிர, அவருடைய ஈக்கள் எந்தப் பூச்சிகளைப் பார்த்துக் கட்டப்பட்டனவோ அந்தப் பூச்சிகள் இங்கே இல்லை.

குவில் கார்டன்

கார்டன் ஓடைக்கல்லைப் புரட்டிப் பார்த்தார். எழும் பூச்சிகளைப் பிடித்து நிறம் குறித்தார். அவர் கட்டிய ஈக்களில் பெயர் நிலைத்தது குவில் கார்டன். ஏப்ரல் நடுவில் எழும் எபியோரஸ் மேஃப்ளைக்கு இணையாக இன்று பயன்படுவது இதுவே. குவில் என்பது இறகின் தண்டு. மயிற்பீலிக் கண்ணின் இழையிலிருந்து தூவியை வழித்து நீக்கினால், ஒரு பக்கம் கருமையும் ஒரு பக்கம் வெளுப்புமான மெல்லிய நார் கிடைக்கும். அதை முள்ளில் சுற்றினால் பூச்சி வயிற்றின் வளையங்கள் அப்படியே தோன்றும். சிறகுக்கு அமெரிக்க மர வாத்தின் விலாப்பகுதியில் உள்ள மெல்லிய கோடிட்ட மஞ்சள் பழுப்பு இறகு. காலுக்கும் வாலுக்கும் சாம்பல் நீலச் சேவலின் கழுத்திறகு.

இந்தச் சேவல் இறகில்தான் சூட்சுமம். முதிர்ந்த சேவலின் கழுத்திறகு விறைப்பானது. அதன் நுனிகள் நீரின் மேற்பரப்பில் ஊன்றி நின்று ஈயை உயர்த்திப் பிடிக்கும். நுரைக்கும் நீரிலும் அது மிதக்கும். ஈயை ஒல்லியாக, பொருள் குறைத்துக் கட்டுவது கார்டனின் வழக்கம்; நீரை உறிஞ்சும் பொருள் குறைந்தால் மிதப்பு நீடிக்கும். ஆனால் தூய சாம்பல் நீலம் கோழிகளில் அரிய நிறம். ஒரு நல்ல கழுத்துக்காகக் கார்டன் ஆண்டுக்கணக்கில் தேடியதுண்டு. மர வாத்துக்கும் பின்னாளில் தட்டுப்பாடு வந்தது: அந்த இனம் அழியும் நிலைக்குச் சென்றதால் 1918 முதல் 1941 வரை அதை வேட்டையாடத் தடை இருந்தது.

கார்டன் உலர் ஈயை மட்டுமே நம்பியவர் அல்லர். பருவத் தொடக்கத்தின் கடுங்குளிரில் நனை ஈயைத் தயங்காமல் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டின் நெறியை எதிர்த்து, நீருக்கடியில் உள்ள இளவுயிரியைப் போன்ற ஈக்களை முன்வைத்த ஜி. இ. எம். ஸ்க்யூஸுக்கும் அவர் நெடுங்காலம் மடல் எழுதிவந்தார். லண்டனின் 'பிஷிங் கெசட்' இதழிலும், அமெரிக்காவின் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழிலும் அவர் குறிப்புகள் வெளிவந்தன. நூல் எதுவும் எழுதவில்லை. வேகமான நீரில் உலர் ஈ பற்றி முதல் அமெரிக்க நூலை 1914இல் வெளியிட்டவர் ஜார்ஜ் லா பிராஞ்ச். அடுத்த ஆண்டு மே 1 அன்று, காச நோயால் நலிந்திருந்த கார்டன் நெவர்சிங்க் பள்ளத்தாக்கில் இறந்தார். அவர் எழுத்துகளும் மடல்களும் 1947இல்தான் ஜான் மெக்டொனால்டின் தொகுப்பாக நூல் வடிவம் பெற்றன. அதில் கணிசமான பங்கு, ஸ்க்யூஸ் இங்கிலாந்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்த மடல்கள். கடல் கடந்த நண்பர் காகிதத்தைக் கிழித்துப் போடும் பழக்கமுடையவராக இருந்திருந்தால் கார்டன் இன்று வெறும் பெயராகவே எஞ்சியிருப்பார்.

முடிச்சை அவிழ்த்துக் கற்றவர்கள்

ஈ கட்டும் தொழில் அன்று கமுக்கமாகக் காக்கப்பட்டது. கார்டன் தம் கைமுறையை நேரில் கற்றுக்கொடுத்தது ராய் ஸ்டீன்ராட் என்ற நண்பர் ஒருவருக்கே என்பர். லிபர்ட்டி ஊரின் அஞ்சலகத்தில் பணியாற்றியவர் இவர். 1916இல் பீவர்கில்லில் ஒரு நண்பகலில் பெருமளவில் மேஃப்ளைகள் எழுவதைக் கண்டு, அவற்றைப் போல ஓர் ஈயைக் கட்டினார். குவில் கார்டன் எழுச்சிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும் எஃபெமெரெல்லா சப்வேரியா என்ற இனம் அது. உடலுக்குச் செந்நரியின் வயிற்று மயிர் பயன்பட்டது. தம்மோடு மீன்பிடித்த ஆல்பர்ட் எவரெட் ஹென்ரிக்சனின் பெயரையே அந்த ஈக்குச் சூட்டினார். இன்று ஈயின் பெயரே பூச்சியின் பெயராகவும் ஆகிவிட்டது. கரையில் நிற்பவர்கள் 'ஹென்ரிக்சன் எழும்புகிறது' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் பெயர் பெற்றவர் ரூப் கிராஸ். தடித்த விரல்களால் மிக நேர்த்தியான ஈக்களைக் கட்டிய அவர், கேட்டு வந்த இளைஞர் வால்ட் டெட்டிக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார். டெட்டி கிராஸின் ஈக்களை விலைக்கு வாங்கினார். வருங்கால மனைவி வினி, நண்பர் ஹாரி டார்பி ஆகியோரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுற்றைப் பிரித்து, எந்தப் பொருள் எந்த வரிசையில் கட்டப்பட்டது என்று குறித்துக்கொண்டு, திரும்பக் கட்டிப் பழகினார். டெட்டி இணையரும், ஹாரி-எல்சி டார்பி இணையரும் அதன்பின் பல பத்தாண்டுகள் ராஸ்கோ வட்டாரத்தில் ஈ கட்டி வாழ்ந்தனர். டார்பி சாம்பல் நீலச் சேவல்களைத் தாமே இனவிருத்தி செய்தார். மறுத்த கிராஸோ 1936இல் தம் முறைகளை நூலாகவே வெளியிட்டுவிட்டார்.

அணைக்கு அடியில்

நியூயார்க் நகரின் குடிநீர்த் தேவை இந்த ஓடைகளின் போக்கை மீண்டும் மாற்றியது. நெவர்சிங்க் அணை 1953இல் நீர் தேக்கத் தொடங்கியது. கார்டன் வாழ்ந்து மீன்பிடித்த பகுதி அதற்குள் மூழ்கியது. டெலவேர் ஆற்றின் கிழக்குக் கிளையில் கட்டப்பட்ட பெபாக்டன் நீர்த்தேக்கம் 4 கிராமங்களை விழுங்கியது. மேற்குக் கிளையில் கேனன்ஸ்வில் அணை 1964இல் வந்தது. வீடுகளும் கல்லறைகளும் இடம்பெயர்க்கப்பட்டன. தூண்டில்காரர்களின் இழப்பு அந்த ஊர்க்காரர்களின் இழப்புக்கு முன் சிறியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆயினும் அணைகளுக்குக் கீழே எவரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. நீர்த்தேக்கத்தின் அடிமட்ட நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும்; மதகு வழியாக வெளியேறும் அந்த நீரால், முன்பு டிரவுட்டுக்கு வெப்பம் மிகுந்திருந்த டெலவேர் ஆற்றின் நீண்ட பகுதி டிரவுட் ஆறாக மாறியது. ஆனால் நகரம் தன் தேவைக்கேற்ப மதகைத் திறந்தும் மூடியும் வந்ததால், ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் காய்ந்த கற்களுமாக மீன்கள் மடிந்தன. தூண்டில்காரர்கள் பல ஆண்டுகள் போராடிய பின், 1976இல் நீர் திறப்பை நெறிப்படுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்குச் சட்டம் வழங்கியது. எனினும் ஆற்று நீரின் பங்கீடு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 தீர்ப்புக்கு உட்பட்டது. நியூயார்க் நகரமும் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் ஆகிய 4 மாநிலங்களும் அதில் தரப்பினர்.

இதனால் பருவத் தொடக்கமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அணை இல்லாத பீவர்கில்லில் வெயில் ஏறினால் நீரும் ஏறுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் குவில் கார்டனும் அதைத் தொடர்ந்து ஹென்ரிக்சனும் எழுகின்றன. மலைக்கு அப்பால் கேனன்ஸ்வில் மதகுக்குக் கீழே அதே வாரத்தில் நீர் இன்னும் பனிக்காலக் குளிரில் இருக்கும். அங்கே ஹென்ரிக்சன் எழுவது பல நாட்கள் பிந்துகிறது. அனுபவமுள்ளவர்கள் முதலில் பீவர்கில்லில் நின்று, அங்கே எழுச்சி அடங்கியதும் டெலவேர் கரைக்கு வண்டியைத் திருப்புகின்றனர். சட்டைப்பையில் வெப்பமானியும், பெட்டியில் கார்டனின் ஈயும் உடன் செல்கின்றன.